எம்ஷர் கரையிலிருந்து

டோர்ட்முண்ட், ஜெர்மனி

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. உன் மகள் இவ்வளவு வளர்ந்துவிட்டாளா! சிரிக்கும்போது அப்படியே காலேஜ் நாளில் உன்னைப் பார்த்த மாதிரி இருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீ சாயங்காலம் தவறாமல் போய் அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு வருகிறாய் என்று அம்மா போனில் சொன்னாள். அதற்கு நான் என்ன எழுதினாலும் போதாது.

உன் கடிதத்தில் ஒரு வரி மட்டும் மனசில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம் நெல்லையில் தாமிரபரணி ஆறு கெட்டுக் கிடப்பதைப் பற்றி எழுதிவிட்டு, "அவங்க ஊரு சுத்தமா இருக்குன்னா அது அவங்க ரத்தத்துலயே இருக்கு, நமக்கு அதெல்லாம் வராது" என்று முடித்திருந்தாய். நான் இங்கே வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது தோன்றவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் குப்பை. எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் நான்கு தொட்டிகள் நிற்கின்றன: காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக் உறைகளுக்கு மஞ்சள், காய்கறிக் கழிவுக்குப் பழுப்பு, மிச்சத்துக்குச் சாம்பல் நிறம். மாற்றிப் போட்டால் வண்டிக்காரர்கள் அந்தத் தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாம். அப்புறம் கட்டிடத்தில் இருக்கிற எல்லோரும் அந்த நாற்றத்தோடு இருக்க வேண்டியதுதான். அதனால் ஒருவரை ஒருவர் கவனிக்கிறார்கள், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

பாட்டில் சமாச்சாரமும் அப்படித்தான். ஒரு தடவை மட்டும் பயன்படுத்துகிற தண்ணீர் பாட்டிலோ கோலா டப்பாவோ வாங்கினால் விலையோடு 25 சென்ட் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். காலியானதைக் கடையில் இருக்கிற இயந்திரத்தில் போட்டால் அந்தக் காசு திரும்ப வந்துவிடும். இது 2003-இல்தான் வந்தது, காலங்காலமாக இருந்த பழக்கம் இல்லை. இப்போது தெருவில் பாட்டில் கிடந்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பென்ஷன் போதாத முதியவர்கள் சிலர் ரயில் நிலையத்துக் குப்பைத் தொட்டிகளில் கைவிட்டுப் பாட்டில் தேடுவதையும் பார்க்கிறேன். பணக்கார நாட்டில் இது எனக்கு இன்றும் பொறுக்காத காட்சி.

நம் நீலகிரியில் 2022-இல் இதே ஏற்பாடு வந்ததே, நினைவிருக்கிறதா? காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடியால் யானைகளும் மற்ற விலங்குகளும் காயப்படுகின்றன என்று உயர் நீதிமன்றம் தலையிட்டது. டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பெரும்பகுதி பாட்டில்கள் திரும்பி வந்தன. கொண்டுவந்து கொடுத்தவர்கள் நம் ஆட்கள்தானே, எந்த ரத்தம் மாறியது?

இங்கே ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மன்காரன் நேரம் தவறமாட்டான் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். 2024-இல் இந்த நாட்டின் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை நூற்றுக்கு 62.5 தான். அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதமானால் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு! தண்டவாளத்துக்கும் சிக்னலுக்கும் பல ஆண்டுகள் போதிய பணம் போடாமல் விட்டதன் விளைவு இது. மனிதர்கள் அதே மனிதர்கள்தான். பராமரிப்பை விட்டார்கள், நேரமும் கைவிட்டுப் போயிற்று.

சரி, ஆற்றுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் வழியாக எம்ஷர் என்று ஓர் ஆறு ஓடுகிறது. டோர்ட்முண்டுக்குக் கிழக்கே ஹோல்ஸ்விக்கெடேயில் பிறந்து, 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடி, ரைன் நதியில் கலக்கிறது. நம் தாமிரபரணியைப் பார்த்தவளுக்கு இது வாய்க்கால்தான். ஆனால் இதற்கு நடந்ததைக் கேள்.

இந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையும்தான். வேலைக்காக லட்சக்கணக்கில் ஜனம் வந்து குவிந்தது. வீட்டுக் கழிவு, ஆலைக் கழிவு எல்லாம் எம்ஷரில். 1901-இல் பக்கத்து கெல்சன்கிர்ஷன் நகரில் டைபாய்டு பரவிப் பலர் செத்துப்போனார்கள். பாதாளச் சாக்கடை போடலாம் என்றால், அடியில் சுரங்கம் தோண்டத் தோண்டத் தரை இறங்கிக்கொண்டே இருந்தது, குழாய் உடைந்துவிடும். அதனால் ஆற்றையே நேராக வெட்டி, கான்கிரீட் போட்டு, திறந்த சாக்கடையாக ஆக்கிவிட்டார்கள். ஊர்க்காரர்களே ஒரு நூற்றாண்டு அதை ஆறு என்று நினைக்கவில்லை. கரை நெடுக வேலி, "உயிருக்கு ஆபத்து" என்று பலகை. பிள்ளைகள் விழுந்தால் ஏறிவர முடியாதபடி சரிந்த கான்கிரீட் சுவர். எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கிற பாட்டி, சின்ன வயதில் வெயில் காலத்தில் ஜன்னலைத் திறக்கவே மாட்டோம் என்று சொல்வார்.

சுரங்க வேலை வடக்கே நகர்ந்து, தரை இறங்குவது நின்ற பிறகுதான் வழி பிறந்தது. 1992-இல் வேலையை ஆரம்பித்தார்கள். டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டருக்குப் பூமிக்கடியில் ஒரே பெரிய கழிவுநீர்க் குழாய். அதோடு வந்து சேரும் கிளைகளையும் சேர்த்தால் 400 கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய 550 கோடி யூரோ செலவு. 2021 முடிவில், எம்ஷரில் ஒரு சொட்டுக் கழிவுநீரும் விழவில்லை என்று அறிவித்தார்கள். நடுவில் எத்தனை தேர்தல், எத்தனை ஆட்சி! வேலை நிற்கவில்லை. அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுவது, 1899-லேயே கரையோர நகரங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து ஆற்றுக்கென்று ஒரு சங்கம் அமைத்ததுதான். கழிவை விடுகிறவன் காசு கட்ட வேண்டும் என்பது அதன் விதி. அந்த ஆறு, மாநகராட்சிக்கு ஒரு துண்டு, நகராட்சிக்கு ஒரு துண்டு என்று பிரிந்து கிடக்காமல், பிறக்கிற இடத்திலிருந்து கலக்கிற இடம் வரை ஒரே பொறுப்பில் இருந்தது. அதே சங்கம்தான் ஆற்றைச் சாக்கடையாக்கியது, நூறு வருடம் கழித்து அதே சங்கம்தான் மீட்டது.

ஹோர்டே என்ற பகுதியில் பெரிய இரும்பு ஆலை இருந்தது. 2001-இல் மூடி, இயந்திரங்களைப் பிரித்துச் சீனாவுக்கு ஏற்றிவிட்டார்கள். அந்தக் குழியில் 2010-இல் தண்ணீர் நிரப்பி ஏரியாக்கினார்கள். அதையொட்டி, முன்பு தரைக்கடியில் குழாயில் ஓடிய எம்ஷர் இப்போது வெயிலில் ஓடுகிறது. சனிக்கிழமைகளில் அங்கே நடக்கப் போவேன். மீன்கொத்தி திரும்ப வந்திருக்கிறது. ஏரியைச் சுற்றி வீட்டு விலை ஏறி, ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் அங்கே குடியிருக்க முடியாமல் போனதும் உண்மை.

நம் ஆற்றைப் பார். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. முழுக்க முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆறு. பக்கத்து மாநிலத்தோடு வழக்கு இல்லை, அடியில் சுரங்கம் இல்லை, தரை இறங்கவில்லை. சுரங்கமும் இறங்கும் தரையும் இல்லாத இந்த வசதி எம்ஷருக்குக் கிடைக்கவில்லை. நெல்லையும் தூத்துக்குடியும் இதைத்தான் குடிக்கின்றன. பாதாளச் சாக்கடைத் திட்டம் கட்டம் கட்டமாக நடந்துகொண்டிருக்கும்போதே, படித்துறைக்குப் பக்கத்தில் சாக்கடை இறங்குகிறது. 2024-இல் மதுரைக் கிளை நீதிபதிகள் நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள் என்று படித்தபோது எனக்கு நம்பிக்கையும் வந்தது, கோபமும் வந்தது.

நமக்கு வராது என்கிறாயே, நீ தினமும் தாண்டுகிற பாலத்தை யார் கட்டியது? கலெக்டர் ஆபீசில் சிரஸ்தார் வேலை பார்த்த சுலோச்சன முதலியார், தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-இல் கட்டி முடித்தது. மக்கள் ஆற்றைக் கடக்கப் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு மனிதர் செய்தது, இன்றும் நிற்கிறது.

நம் ஊரில் இருப்பது இங்கே இல்லாததையும் சொல்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் சிக்கி நின்றபோது, தங்கள் வீடுகளிலேயே தண்ணீர் புகுந்திருந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. இங்கே 100 வீடுகளில் 41 வீட்டில் ஒரே ஒரு ஆள்தான். ஒருவரைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்கு முன்னால் நாள் குறிக்க வேண்டும். கீழ் வீட்டுப் பாட்டிக்கு மகன் இருக்கிறான், மூன்று மணி நேரத் தொலைவில். நான் வேலை விட்டு வரும்போது மணி அடித்து ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன். முதலில் அவருக்கு இது புதிதாக இருந்தது, இப்போது நான் வர நேரமானால் கேட்கிறார். இலையுதிர் காலத்தில் பிளம் பழக் கேக் செய்து தருவார். அம்மாவுக்கு நீ இருக்கிறாய், இவருக்கு நான் இருந்துவிட்டுப் போகிறேன்.

ஜூன் மாதம் ஹாம் நகரத்து காமாட்சி அம்மன் தேருக்குப் போயிருந்தேன். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பிய கோயில், 2002-இல் கும்பாபிஷேகம் ஆனது. தொழிற்சாலைகளுக்கு நடுவே தேர் போகிறது, பக்கத்துக் கால்வாயில் தீர்த்தம். "எப்ப வந்தனீங்கள், சாப்பிட்டனீங்களோ" என்று முன்பின் தெரியாத ஒரு அக்கா கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

குடியுரிமை வாங்கிவிட்டாயா என்று கேட்டிருந்தாய். 2024-இல் சட்டம் மாறி, ஐந்து வருடத்திலேயே விண்ணப்பிக்கலாம், பழைய குடியுரிமையை விட வேண்டியதில்லை என்று ஜெர்மனி சொல்கிறது. ஆனால் இந்தியா இரண்டு வைத்துக்கொள்ள விடாது. இப்போதைக்கு நம் பாஸ்போர்ட்டை விடுவதாக இல்லை. ஊர் விஷயத்தில் கேள்வி கேட்கிற உரிமை எனக்கு வேண்டும்.

பொங்கலுக்கு வருகிறேன், மூன்று வாரம். அதற்குள் ஒரு உதவி செய். கொக்கிரகுளத்திலிருந்து குறுக்குத்துறை வரை சாக்கடை ஆற்றில் இறங்கும் இடங்களை உன் மகளோடு போய்ப் போட்டோ எடுத்து, இடத்தின் பெயரையும் தேதியையும் குறித்து வை. நான் வந்ததும் இரண்டு பேருமாகத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்போம். நம் காலேஜ் தோழிகளில் யார் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்றும் கேட்டு வை.

அப்புறம், அம்மாவுக்கு அடுத்த செக்கப் எப்போது என்று டாக்டரிடம் கேட்டு எழுது. உன் மகளுக்கு இங்கிருந்து கலர் பென்சில் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், வேறு ஏதாவது வேண்டுமா என்றும் கேள்.

என்றும் அன்புடன்,
உன் தோழி