வீட்டுப்பாடம் தாளிலும் வேண்டும், கணினி அறை பிற்பகலிலும் திறக்க வேண்டும்: பீடோர் வட்டாரத் தோட்டப் பெற்றோரின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஆண்டு 5, ஆண்டு 2 மாணவர்களின் தாய்,
தோட்டப் பெற்றோர் 41 பேரின் சார்பில்,
பீடோர் வட்டாரம், பேராக், மலேசியா.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
தமிழ்ப்பள்ளிகளின் அமைப்பாளர் வழியாக.

பொருள்: புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பும் வீட்டுப்பாடத்தைத் தாளிலும் கொடுக்கவும், பள்ளிக் கணினி அறையைப் பழுதுபார்த்துப் பிற்பகலில் திறந்து வைக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் நாற்றுமேடை வேலை செய்கிறேன். என் கணவர் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். எங்கள் பிள்ளைகள் இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். இந்த மனுவில் கையெழுத்திட்ட மற்றவர்களும் எங்களைப் போலத்தான்: குலை வெட்டுகிறவர்கள், உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள், ஆலையில் முறைவேலை பார்க்கிறவர்கள். பள்ளியின் பெயரைத் தனித்தாளில் மட்டும் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். மனுவின் மலாய் மொழியாக்கமும் இணைப்பில் உள்ளது. ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் படும் பாட்டையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

முதலில் ஓர் இரவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அன்று செவ்வாய்க்கிழமை. சின்னவனுக்கு வீட்டுப்பாடம் மதியம் மூன்று மணிக்கே புலனக் குழுவில் வந்துவிட்டது. வீட்டில் நல்ல திறன்பேசி ஒன்றுதான், அதுவும் அவன் அப்பாவோடு லாரியில் போய்விடும். ஆலை வாசலில் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும் நாளில் அவர் எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. பையன் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, புத்தகப்பையை மடியில் வைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீடுகளுக்குள்) மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று பார்த்தான். அப்பா வந்தபோது மணி எட்டரை. திறன்பேசியில் சார்ஜ் இல்லை. சார்ஜ் ஏறியதும் பார்த்தால் டேட்டா முடிந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் இணைப்பு வாங்கிக் கோப்பைத் திறந்தோம். பதினொரு பக்கம், எல்லாம் வண்ணப் படங்கள். அச்செடுக்க வேண்டுமென்றால் பீடோருக்குத்தான் போக வேண்டும், அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? நான் திரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாக அவன் பயிற்சிப் புத்தகத்தில் எழுதினேன். நான்காம் பக்கம் முடிவதற்குள் பென்சிலைக் கையில் பிடித்தபடியே அவன் தூங்கிவிட்டான். செய்ததைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்பது விதி. எங்களால் அனுப்ப முடியவில்லை. மறுநாள் குழுவில் ‘அனுப்பாதவர்கள்’ பட்டியலில் அவன் பெயரும் இருந்தது, எல்லாப் பெற்றோரும் பார்க்கும்படி.

அதே இரவில் மூத்தவளுக்கும் இணையத்தில் ஒரு புதிர்ப்போட்டி இருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. தம்பி படிக்கட்டும் என்று சும்மா இருந்துவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று எங்களுக்கு நினைவிருக்கிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிகள் மூடின, இல்லத்திலிருந்தே கற்றல் கற்பித்தல் வந்தது. அந்த ஆண்டு கல்வி அமைச்சு சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் பெற்றோரிடம் கேட்டறிந்ததில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. சபாவில் பித்தாஸ் பக்கம் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையம் கிடைக்க மரத்தின் மேல் ஏறித் தேர்வெழுதியதை நாடே பார்த்தது. எங்கள் தோட்டத்தில் ஓர் ஆசிரியர் தம் சொந்தக் காரில் வந்து, பயிற்சித்தாள் கட்டுகளை ஆயாக்கொட்டகை (குழந்தைகள் காப்பகம்) மேசையில் பெயர்வாரியாக வைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு கட்டிலும் ரப்பர் வளையம் போட்டு, பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருப்பார். அந்தக் கட்டுகள் சிலவற்றை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்புறம் பள்ளிகள் திறந்தன. தாள் நின்றுபோனது, புலனம் மட்டும் நிலைத்துவிட்டது. அவசர காலத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடு, யாரும் உட்கார்ந்து முடிவெடுக்காமலே அன்றாட வழக்கமாகிவிட்டது.

இதை வைத்து நாங்கள் தொழில்நுட்பமே வேண்டாம் என்கிறோம் என்று எண்ண வேண்டாம். அதனால் வரும் நன்மையை எங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். மூத்தவளுக்குப் பின்னம் என்றாலே பயம். ஆண்டு 4-இல் அவள் ஆசிரியர் வகுப்பில் படக்காட்டியில் ஒரு காணொலி போட்டார். ஒரு வட்டத்தை நான்காக வெட்டி, அதில் மூன்றை எடுத்து, பிறகு அதே வட்டத்தை எட்டாக வெட்டிக் காட்டினார்களாம். “புரியாத இடத்தில் சார் நிறுத்தினார், திருப்பிப் போட்டார், என்னைக் கூப்பிட்டுத் திரையைத் தொட்டு எண்ணச் சொன்னார்” என்று அவள் சொன்னாள். அன்று மாலை அப்பம் வாங்கி வந்தபோது அதைக் கத்தியால் எட்டாக வெட்டி, “அம்மா, எட்டில் ஆறும் நாலில் மூணும் ஒண்ணுதான்” என்றாள். நான் படித்த காலத்தில் எனக்கு இப்படிப் புரிய வைத்திருந்தால் கணக்கில் நான் தோற்றிருக்கவே மாட்டேன்.

ஒன்று கவனியுங்கள் ஐயா. அங்கே காணொலி மட்டும் பாடம் நடத்தவில்லை. நிறுத்தவும் திருப்பவும், பயந்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்றார். அதே காணொலியை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்து வரும் விளையாட்டு விளம்பரத்தைத் தொட்டிருப்பாள். எங்கள் மனு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றியதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத வழி செய்த முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். இன்று என் மகள் பினாங்கில் இருக்கும் பாட்டிக்குத் தமிழிலேயே செய்தி அனுப்புகிறாள் என்றால் அதற்கு அவரைப் போன்றவர்களின் உழைப்புதான் காரணம். எங்களுக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் தட்டும்போது இரண்டு எழுத்து அடித்ததுமே முழுச்சொல்லையும் திரை காட்டிவிடுகிறது. ‘மரம்’ எந்த ர, ‘மறதி’ எந்த ற என்று பிள்ளை யோசிக்க வேண்டியதே இல்லை. சின்னவனின் கட்டுரைப் புத்தகத்தைப் பார்த்தால் ‘பள்ளி’ ஒரு வரியில் ‘பல்லி’யாக இருக்கிறது. திரையில் அவன் பிழை செய்வதில்லை, தாளில்தான் செய்கிறான். கை பழகாத எழுத்து மனத்தில் எப்படி நிற்கும்?

போன தவணையில் பக்கத்து வீட்டுப் பெண் ‘எங்கள் ஊர் ஆறு’ என்று கட்டுரை எழுதிக்கொண்டு போனாள். அழகான தமிழ். ஆற்றின் இரு கரையிலும் பச்சை நெற்கழனி, நாற்று நடும் பெண்கள், ஏற்றம் இறைப்பவர்கள். எங்கள் ஆற்றின் இரு கரையிலும் செம்பனைதான் நிற்கிறது ஐயா. மழைக்காலத்தில் தண்ணீர் தேயிலைச் சாயமாக ஓடும், பையன்கள் பாலத்தடியில் தூண்டில் போடுவார்கள். அந்தப் பெண் அதில் கால் நனைத்து வளர்ந்தவள். கேட்டால், செயற்கை நுண்ணறிவுச் செயலியில் தலைப்பைக் கொடுத்ததும் அது எழுதிக் கொடுத்தது என்றாள். பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அது தவறு என்றே அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர அந்த வீட்டில் நேரமுள்ள ஆளும் இல்லை. அம்மாவும் அப்பாவும் விடியும் முன்பே பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு) போய்விடுகிறார்கள்.

சரி, பள்ளியில் கணினி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துப்புரவு நாளில் நான் அந்த அறையைக் கூட்டினேன். இருபது கணினிகள். பூப்போட்ட துணியால் மூடி வைத்திருக்கிறார்கள். துணியை எடுத்தால் விசைப்பலகையில் பல்லி எச்சம். ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தோம், ஆறுதான் எழுந்தன. பழுதுபார்க்கிறோம் என்று ஒரு குத்தகையாளர் எடுத்துப்போன நான்கு பெட்டிகள் இரண்டு ஆண்டாகத் திரும்பவில்லை. அறைக்குப் பொறுப்பான ஆசிரியர் வாரம் இருபத்தைந்து பாடவேளைக்கு மேல் நடத்துகிறார். அதற்கிடையே அவரே திருப்புளியோடு குனிந்து உட்கார்ந்து கம்பிகளை மாற்றிப் பார்க்கிறார். நல்லாசிரியர் ஒருவரின் நேரம் இப்படிப் போவது எங்களுக்கு மனவருத்தமாக இருக்கிறது. பள்ளி வேன் ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிடுவதால், ஓடுகிற ஆறு கணினிகளுக்கும் பிற்பகலில் பூட்டுதான்.

கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு ஆளை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 1பெஸ்தாரிநெட் திட்டம் 10,000 பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் கொண்டுவருவதற்காகத் தொடங்கப்பட்டது. அந்தத் தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று 2013-ஆம் ஆண்டுத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. 2019-இல் திட்டம் முடிந்தது. வெளிநாட்டிலும் இதே கதைதான். பெரு நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தும், அவற்றைக் கற்பித்தலோடு இணைக்காததால் கற்றலில் முன்னேற்றம் வரவில்லை என்று யுனெஸ்கோவின் 2023 அறிக்கை கூறுகிறது. கைப்பேசியால் கவனம் சிதறிய மாணவர் மீண்டும் பாடத்தில் ஊன்ற 20 நிமிடம் வரை ஆகலாம் என்பதும் அதே அறிக்கையில் உண்டு. என் மகன் ஒரே இரவில் எத்தனை இருபது நிமிடங்களை இழக்கிறான் என்று எண்ணிப் பார்த்தேன்.

இடத்தையோ கருவியையோ காட்டிவிட்டு ஆளை மறப்பது தோட்டத்துப் பள்ளிக்குப் புதிதும் அல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையைக் காட்டிப் பள்ளி இருக்கிறது என்று கணக்கு முடித்தார்கள். பாடம் நடத்தியவர் சில இடங்களில் கங்காணி (வேலை மேற்பார்வையாளர்), சில இடங்களில் கிராணி (அலுவலக எழுத்தர்). என் பாட்டி படித்ததும் அப்படி ஒரு கொட்டகையில்தான். தன் பெயரை எழுத மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வந்தார்.

2023 நவம்பரில் டிஜிட்டல் கல்விக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2027-இல் தொடக்கப்பள்ளிகளுக்குப் புதிய கலைத்திட்டம் வரவிருக்கிறது. புதுக் கருவிகளும் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். அவை வந்து இறங்குவதற்கு முன் தாங்கள் சிலவற்றைச் செய்து தர வேண்டுகிறோம்.

வீட்டுப்பாடத்தைப் புலனத்தில் மட்டும் அனுப்பாமல், மணி அடிப்பதற்கு முன் தாளிலோ பயிற்சிப் புத்தகத்திலோ பிள்ளையின் கையில் கொடுக்கும்படி பள்ளிகளுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்துங்கள். இதைத்தான் முதலாவதாகக் கேட்கிறோம். மற்றவை தாமதமானாலும் பொறுத்துக்கொள்வோம், இது நாளைக்கே நடக்கக்கூடியது. பீடோர் கடையில் ஒரு பக்கம் நகலெடுக்க 10 சென். வாரம் பத்துப் பக்கம் என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). பள்ளி மானியத்தில் இதற்கு இடம் இல்லையென்றால் நாங்களே ஆளுக்கு ஒரு வெள்ளி போடத் தயார். டேட்டாவுக்கு அதைவிட அதிகமாகச் செலவு செய்கிறோம். கூடவே, அனுப்பாதவர்களின் பெயரைக் குழுவில் போடும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

கணினி அறையைப் பழுதுபார்க்க ஒரு தொழில்நுட்பரை அனுப்புங்கள். இருபதும் ஓட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை, பன்னிரண்டு ஓடினாலே போதும். அப்புறம் திங்கள், புதன், வியாழன் பிற்பகலில் இரண்டு மணி முதல் நாலரை வரை அறையைத் திறந்து, வழிகாட்ட ஒருவரை அமர்த்துங்கள். எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எங்கள் தோட்டத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். சிறு படித்தொகை கொடுத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள். பெற்றோரில் இருவர் முறைவைத்து அறையில் உட்கார்ந்திருப்போம், கூட்டிப் பெருக்குவதும் எங்கள் வேலை. வேன் ஓட்டுநரிடம் ஏற்கெனவே பேசிவிட்டோம். இருபது பிள்ளைகள் சேர்ந்தால் நாலே முக்காலுக்கு இரண்டாம் நடை ஓட்ட ஒப்புக்கொண்டார்.

ஆண்டு 1 முதல் 3 வரை தமிழ்க் கட்டுரையும் சொல்வதெழுதுதலும் கையால் மட்டுமே எழுதப்பட வேண்டும் என்று சொல்லுங்கள். மேல் வகுப்புகளில் செயற்கை நுண்ணறிவைத் தடை செய்யச் சொல்லவில்லை. எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று ஆசிரியர் முன்னிலையில் அந்தக் கணினி அறையிலேயே சொல்லிக் கொடுக்கட்டும்.

தங்களை நேரில் சந்திக்க அரைமணி நேரம் ஒதுக்கித் தந்தால் பெற்றோர் மூவர் வருவோம். எங்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு. வேலை நாளாக இருந்தால் மூன்று நாள் முன்னதாகத் தெரிவித்தால் போதும், தண்டலிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அந்தச் செவ்வாய் இரவு நான் கையால் எழுதிக் கொடுத்த நான்கு பக்கங்களின் நகலையும், கையெழுத்துப் பட்டியலையும், கணினி அறையின் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தோட்டப் பெற்றோர் சார்பில்,
ஆண்டு 5, ஆண்டு 2 மாணவர்களின் தாய்