தோஹாவில் இருக்கும் தம்பிக்கு, அப்பா எழுதுவது

பட்டுக்கோட்டை
10-7-2025, வியாழன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் மருமகள் நின்றதால் பேச்சை வளர்க்கவில்லை. வடக்குத் தெருப் பையன் லீவு முடிந்து சனிக்கிழமை தோஹாவுக்குக் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

நீ சொன்னது இரண்டு விஷயம். பேரனை ஸ்கூல் வேனில் அனுப்ப வேண்டாம். ராமேஸ்வரம் ரயில் பயணத்தையும் கேன்சல் பண்ணுங்கள். செவ்வாய்க்கிழமை கடலூர் செம்மங்குப்பத்தில் நடந்ததைப் பார்த்த எந்த அப்பனும் அப்படித்தான் சொல்வான். காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன வேன், ரயில்வே கேட்டைத் தாண்டும்போது மயிலாடுதுறை பாசஞ்சர் வந்து அடித்திருக்கிறது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். டிவியில் அந்தச் சிதறிக் கிடந்த புத்தகப் பைகளைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அம்மா எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நம் பிள்ளையும் தினம் ஒரு கேட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறான். அதனால் அன்று சாயங்காலமே நம் ஊர் கேட்டுக்குப் போனேன். கீப்பர் முன்னாள் ராணுவத்துக்காரர், மதுரைப் பக்கம். என்ன ஏது என்று கேட்டேன். நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார். ரயில் புறப்படும் முன்னால் ஸ்டேஷனில் இருந்து போன் வருமாம். கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, இவர் ஒரு ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும். அதை அந்தப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டரும் இந்தப் பக்கம் இவரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த எண் கிடைத்தால் கேட் மூடியாகிவிட்டது என்று அர்த்தம். நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வண்டிக்கும் நேரம், எண், கையெழுத்து என்று வரிசையாக இருந்தது. சிவப்புப் பேனாவால் கோடு போட்டு அவ்வளவு சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார்.

இன்டர்லாக்கிங் என்று ஒன்று இருக்கிறது, தம்பி. கேட்டையும் சிக்னலையும் சேர்த்துப் பூட்டுவது. கேட் திறந்திருந்தால் ரயிலுக்குப் பச்சை விழாது, டிரைவர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். செம்மங்குப்பம் கேட்டில் அது இல்லை என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அங்கே கீப்பரைக் கைது செய்துவிட்டார்கள். விசாரணை நடக்கட்டும், குற்றம் யாருடையது என்று தெரியட்டும். ஆனால் ஒரு மனுஷன் அசந்துபோனால் பிள்ளைகள் உயிர் போகும் என்கிற மாதிரி ஒரு கேட்டை இத்தனை வருஷம் விட்டு வைத்தது எந்த நியாயம்? கடலுக்கு நடுவே பாலம் கட்ட ஐந்நூறு கோடிக்கு மேல் செலவு செய்ய முடிகிறது. ஊர் கேட்டுக்கு ஒரு பூட்டு போட முடியாதா? இப்போது கேட்டுகளில் இந்தப் பூட்டை வேகமாகப் போடப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். செய்தால் சந்தோஷம். அந்த மூன்று வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நேற்று காலை நானே வேனில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கேட் திறந்திருந்தாலும் வண்டியை நிறுத்தி, பாட்டை அணைத்து, இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அந்தப் பையனும் பயந்து போய்த்தான் இருந்தான். மறுபேச்சில்லாமல் செய்தான். இன்றைக்கும் அப்படியே செய்ததாகப் பேரன் வந்து சொன்னான். வேறு பிள்ளைகளின் வீட்டாரிடமும் பேசியிருக்கிறேன். நாலு பேராகப் போய்ப் பள்ளிக்கூடத்தில் வேனுக்கு ஒரு ஆயா போடச் சொல்லப் போகிறோம். அதுவரை வாரத்தில் இரண்டு நாள் நான் கூடவே போய் வருவேன். வேனை நிறுத்தினால் மருமகள் ஸ்கூட்டியில் மெயின் ரோட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அங்கே மணல் லாரி போகிற வேகம் உனக்குத் தெரியும். எனக்கு அதைவிட இது மேல் என்று படுகிறது.

இனி ராமேஸ்வரம். அதை நான் விடப்போவதில்லை. 19-ஆம் தேதி சனிக்கிழமை டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தாம்பரம் – ராமேஸ்வரம் வண்டி நள்ளிரவு தாண்டி நம் ஊருக்கு வருகிறது. நாலு பேருக்கும் ஸ்லீப்பர், ஒரே பெட்டி. ஜூலை ஒண்ணாம் தேதியில் இருந்து கட்டணம் ஏற்றிவிட்டார்கள் என்று அம்மா புலம்பினாள். கிலோமீட்டருக்கு ஒரு பைசா, நம் தூரத்துக்கு ஆளுக்கு இரண்டு மூன்று ரூபாய்தான் கூடும் என்று கணக்குச் சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனாள். 24-ஆம் தேதி ஆடி அமாவாசை. அதற்கு முன்னால் போய் வந்துவிட்டால் கூட்டத்தில் சிக்காமல் தீர்த்தம் ஆடலாம், உன் தாத்தாவுக்கும் செய்ய வேண்டியதைச் செய்யலாம்.

போகும்போது பாலம் தாண்டுவது இருட்டில். அதனால் திரும்பி வருகிற வண்டியைத்தான் நம்பியிருக்கிறேன். அது பிற்பகலில் கிளம்புகிறது, வெளிச்சம் இருக்கும்போதே பாம்பனைத் தாண்டிவிடும். பேரனுக்கு ஜன்னலோரம். ஏப்ரல் 6-ஆம் தேதி ராமநவமி அன்று திறந்த புதுப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகுமாம், கப்பல் அடியில் போகும். பக்கத்தில் 1914-இல் வெள்ளைக்காரன் கட்டிய பழைய பாலமும் நிற்கிறது. அதில் இரண்டு பக்கமும் கை தூக்குகிற மாதிரி திறக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். 2022 டிசம்பரில் அதில் வண்டியை நிறுத்திய பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் எல்லோரும் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தார்கள். உன் தாத்தா 1964 புயலுக்கு முந்தின வருஷம் தனுஷ்கோடி வரை ரயிலில் போனவர். புயலில் அந்த வண்டியே கடலோடு போனதைக் கேட்ட பிறகு, சாகும்வரை அந்தப் பக்கம் ரயிலில் ஏறவில்லை. நான் போக வேண்டும் என்று நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் ரூட்டில் ரயில் என்பதே சும்மா வந்ததில்லை, தம்பி. கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய மீட்டர்கேஜ் பாதையை எடுத்துவிட்டு வருஷக்கணக்கில் வெறும் மண் மேடாகக் கிடந்தது. 2019-இல் திருவாரூர் – காரைக்குடி டெமு ரயில் விட்டபோது நீயும் நானும் காரைக்குடிக்குப் போனோமே. கேட்டுக்கு ஆள் போடவில்லை. வண்டியிலேயே கேட் கீப்பர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கி ஓடிப்போய் கேட்டைச் சாத்துவார். வண்டி மெதுவாகத் தாண்டி மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். நீ ஒரு கேட்டில் இறங்கி அவருக்குக் கை கொடுத்துச் சாத்தினாய். நேரம் போனால் போகட்டும், கேட் மூடாமல் ஒரு அடி நகரக் கூடாது என்று இருந்தார்கள் அவர்கள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. அதே பாதையில் பேரனைக் கூட்டிக்கொண்டு போகும்போது இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

தங்கச்சிமடம் பக்கம் பேய்க்கரும்பில் கலாம் ஐயா நினைவிடம் இருக்கிறது. ராக்கெட் மாதிரியெல்லாம் வைத்திருக்கிறார்களாம், அதையும் பார்க்க வேண்டும் என்பது பேரன் உத்தரவு. முடிந்தால் தனுஷ்கோடி கோடியில் இருக்கும் அரிச்சல்முனையும்.

நீ பயப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. போன மாசம் 23-ஆம் தேதி ராத்திரி, கத்தாரில் அமெரிக்கப் படைத்தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை விட்டது என்று டிவியில் ஓடியபோது இங்கே நாங்கள் பட்டது உனக்குத் தெரியாது. மருமகள் போனைக் காதில் இருந்து எடுக்கவே இல்லை. லைன் கிடைக்கவில்லை. வான்வழியை மூடிவிட்டார்கள் என்று வேறு டிவியில் சொன்னான். அம்மா குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். கடைசியில் நீ பேசியபோது, "வானத்துல வெளிச்சம் தெரிஞ்சிச்சுப்பா, சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான், நாளைக்கு டூட்டி இருக்கு" என்றாய். உன் குரலில் நடுக்கம் இல்லை. நீ அந்த இடத்தில் நின்றுகொண்டு சொன்னாய் என்பதால் நான் நம்பினேன். உடனே வந்துவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அங்கே இருப்பவனுக்குத்தான் நிலவரம் தெரியும். அதே மாதிரி, இங்கே கேட்டில் நின்று பார்த்தவன் நான். நான் சொல்வதை நீ நம்பு.

வெயிலைப் பற்றி நீ சொல்லவே மாட்டேன் என்கிறாய். காலை பத்து மணியில் இருந்து மூன்றரை வரை வெளி வேலை கூடாது என்று செப்டம்பர் 15 வரை அங்கே சட்டம் இருக்கிறதே, உங்கள் கம்பெனியில் அதைக் கடைப்பிடிக்கிறார்களா? மாடியில் ஏசி மாட்டுவதும் வெளி வேலைதான். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் ஏறாதே. மோர் கிடைக்காவிட்டால் உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தண்ணீர் குடி.

ஊர்ச் செய்தி. மேட்டூர் ஜூன் கடைசியிலேயே 120 அடி தொட்டுவிட்டது. வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறந்து, கல்லணையும் திறந்து, கல்லணைக் கால்வாயான புது ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் நம் கடைமடை வாய்க்காலுக்கு இன்னும் கணுக்கால் அளவுதான். கொள்ளிடத்தில் உபரி கடலுக்குப் போகிறது, இங்கே பெரியகுளம் வறண்டு கிடக்கிறது. முறை வைத்து விடுங்கள் என்று மனு கொடுத்திருக்கிறோம்.

சனிக்கிழமை குரூப் 4 தேர்வு. உன் சித்தப்பா மகள் எழுதுகிறாள். 3,935 இடத்துக்கு லட்சக்கணக்கில் விண்ணப்பம். காலை ஒன்பது மணிக்குள் மையத்தில் இருக்க வேண்டும் என்பதால் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். ராத்திரி ரெண்டு மணி வரை லைட் எரிகிறது அவள் அறையில்.

முக்கியமான சேதி இதுதான். கஜா புயலில் விழுந்த தென்னைக்குப் பதிலாக நீ குழி வெட்டி வைத்தாயே மேட்டுக்கொல்லையில், அந்தக் கன்றுகள் இந்த வெட்டுக்கு நன்றாகக் காய்த்திருக்கின்றன. சில மரத்தில் ஆள் ஏறாமல் நின்ற இடத்தில் இருந்தே பறிக்கலாம். 2018 நவம்பர் 16 விடிந்தபோது தோப்பில் வானம் மட்டும்தான் தெரிந்தது, நீ ஒரு வார்த்தை பேசாமல் ரம்பம் எடுத்து வந்தாய். இப்போது வெள்ளை ஈயும் வறட்சியும் சேர்ந்து எல்லா ஊரிலும் காய் குறைந்துபோனதால் விலை ஏறிக் கிடக்கிறது. வியாபாரி தோப்பில் வந்து நின்று கேட்கிறான். இந்த விலை நிற்காது என்பது எனக்குத் தெரியும். நிற்கிறவரை வரட்டும். ராமேஸ்வரம் செலவு முழுக்க அந்தக் காய்க்காசுதான். அதனால் இந்த மாசம் பணம் அனுப்பாதே. உன் பெயரிலேயே அங்கே வைத்துக்கொள், இல்லாவிட்டால் சீட்டை முடி.

பையன் கையில் ரெண்டு லிட்டர் எண்ணெய் கொடுத்துவிடுகிறேன். நம் கொப்பரையில் ஆட்டியது, மூடியை மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன். முறுக்கு அம்மா சுட்டது. கருவாடு வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான், அடுத்த தடவை பார்ப்போம். பேரன் வரைந்த படம் ஒன்று எண்ணெய் படாமல் தனிக் கவரில் இருக்கிறது.

பொங்கலுக்கு லீவு கிடைக்கும் என்றாய். தேதி தெரிந்ததும் சொல்லு. இப்போதெல்லாம் ரயிலுக்கு அறுபது நாளைக்கு முன்னால்தான் பதிவு திறக்கிறார்கள், பொங்கல் டிக்கெட் நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது. சென்னையில் இறங்குவதாக இருந்தால் தாம்பரத்தில் இருந்து நம் வண்டியிலேயே போட்டுவிடுகிறேன், நள்ளிரவில் நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
அப்பா