லைனை நிறுத்தும் உரிமையை எங்களிடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் நம் பின்னலாடை ஆலையின் 4ஆம் தையல் லைனில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ரிஜெக்ட் கணக்கும் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அந்தக் கணக்கில் வராததைச் சொல்லத்தான் இந்த மடல்.

தோள் தையலில் நூல் தளர்ந்திருப்பதை ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்த அக்கா காலை 10 மணிக்கே பார்த்துவிட்டார். உடனே சொல்லவும் செய்தார். "முதலில் டார்கெட் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் பதில் வந்தது. லைன் ஓடியது. அதே பீஸ்களுக்குக் கழுத்துப்பட்டி வைத்தோம், கை ஏற்றினோம், அடி மடித்தோம். மாலையில் கடைசிச் செக்கிங்கிலிருந்து 14 பண்டல், அதாவது பீஸ் கட்டுகள், திரும்பி வந்தது.

தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கழுத்தையும் கையையும் பிரித்தாக வேண்டும். இரவு 9 மணி வரை தலை நிமிராமல் பிரித்தோம். பின்னலாடைத் துணியில் ஊசி இறங்கிய இடம் ஓட்டையாகத் தெரியும், ஒரு கண்ணி அறுந்தால் அப்படியே ஓடும். பாதிக்கு மேல் வீணாகிவிட்டது. மறுநாள் திட்டு வாங்கியவர், முதலில் பார்த்துச் சொன்ன அதே அக்கா!

விரயத்தைக் குறைக்கும் 'லீன்' உற்பத்தி முறைப் பயிற்சியில் ஏழு வகை விரயங்களைச் சொல்லிக்கொடுத்தீர்கள். கார் செய்யும் டொயோட்டாவின் அந்த முறைக்கு ஒரு வேர் தறியில் இருக்கிறது. டொயோட்டா குழுமத்தின் நிறுவனர் சகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறி, பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) அறுந்தால் தானாகவே நின்றுவிடும். தறிக்கே நிற்க உரிமை இருந்தது. கண்ணெதிரே குறையைப் பார்க்கும் எங்களுக்கு அது இல்லை.

கட்டிங்கில் மார்க்கரை (துணியில் வெட்டும் பாகங்களை அடுக்கும் வரைபடத்தை) நெருக்கி அரை அங்குலம் மிச்சம் பிடிக்கப் பாடுபடுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் அந்தத் துணி தையலில் பீஸ் பீஸாகக் கழிவுக்குப் போகிறது. தரையில் மஞ்சள் கோடு போட்டாயிற்று, பலகை மாட்டியாயிற்று. மெஷினுக்கு மெஷின் இன்னும் பண்டல் குவிந்தே கிடக்கிறது. குவியலுக்குள் இருக்கும் குறை, அடுத்தவர் கைக்கு வரும்வரை யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் மாலை நேரம் எந்த விரயக் கணக்கில் வருகிறது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: குறையைப் பார்த்தவரே லைனை நிறுத்தலாம் என்று எழுத்தில் கொடுங்கள். நின்ற நேரத்தை டார்கெட்டில் கழித்துக்கொடுங்கள், நிறுத்தியவரைத் திட்டக் கூடாது என்று சூப்பர்வைசர்களிடம் சொல்லுங்கள். பண்டலையும் சிறிதாக்குங்கள்.

அடுத்த ஆர்டர் ஏறுவதற்குள் 4ஆம் லைனிலாவது தொடங்கும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தையல் பிரிவுத் தொழிலாளி