பத்தாயிரத்து எழுபத்தைந்து

அன்புள்ள தோழிக்கு,

நலம். அங்கே எல்லாரும் நலமா? குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்கிறார்கள். இங்கே முக்கூடல் பக்கம் காற்று மட்டும்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

போன வாரம் போனில், "ஆல் பாஸ் போட்டே கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கெடுத்துட்டாங்க" என்று சொன்னாயே, எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்து நான் வகுப்புக்குப் போக வேண்டியிருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. அது மனசில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நம்மோடு அஞ்சாப்பு படித்தவளை நினைவிருக்கிறதா, பாண்டி ஆட்டத்தில் யாரிடமும் தோற்காதவள்? அவளைப் பெயில் போட்டார்கள். மறு வருசம் தங்கச்சி வயசுப் பிள்ளைகளோடு அதே புத்தகம், அதே பாடம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை, இன்னொரு வருசம் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். தீபாவளிக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். பீடித் தட்டு மடிக்கு வந்துவிட்டது.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக்கூடாது என்றது. அதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். பிள்ளையைத் தொடர்ந்து மதிப்பிட வேண்டும், வயசு கடந்து வந்து சேர்கிறவர்களுக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அது யார் காதிலும் விழுவதில்லை. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, விரும்பிய மாநிலங்கள் ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். தமிழ்நாட்டிலும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். "எப்படியும் பாஸ்தானே" என்று அசட்டையாக இருந்த வாத்தியார்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அது எங்கள் தப்பு. அதற்காகப் பிள்ளையை நிறுத்தி வைப்பது எந்த ஊர் நியாயம்?

என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், நாலாப்பு. அம்மா பீடி சுற்றுகிறாள். கட்டுக்கு 25 பீடி. "ஏழு கட்டுக்கு எத்தனை பீடி?" என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் "நூத்தி எழுபத்தஞ்சு" என்பாள். பலகையில் எழுதச் சொன்னால் 10075 என்று எழுதுவாள். நூறு, அப்புறம் எழுபத்தைந்து. அவள் காதுக்கு அது சரிதானே? 100, 70, 5 என்று மூன்று அட்டை வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினேன். 70 போய் நூறின் இரண்டு பூஜ்ஜியத்தையும் மூடியது, 5 போய் மிச்சமிருந்த பூஜ்ஜியத்தை மூடியது. அட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "பூஜ்ஜியம் அடியில ஒளிஞ்சிருக்கு டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு அந்தத் தப்பு வரவில்லை. பொதுத்தேர்வு என்று வைத்தால் தாளைத் திருத்துகிறவருக்கு என்ன தெரியும்? 10075 தப்பு, சுழி. இருபத்தைந்தாம் வாய்ப்பாடு அவள் நாக்கில் இருப்பது தாளில் எங்கே தெரியும்?

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து, பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறோம். அதற்கும் இவள் அம்மா சண்டைக்கு வந்தாள். "நாலாப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டவா சொல்லிக்கொடுக்கிய?" என்றாள். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு நாலாப்புப் பாடத்தை வாசித்துக் காட்டினால் அவள் மனப்பாடம்தான் செய்வாள் என்று உட்கார வைத்துப் பேசினேன். ஒரு மாசம் கழித்துத்தான் சமாதானம் ஆனாள்.

இன்னொன்று, உன் சொந்தக்காரர்களிடமும் சொல். கட்டணம் பாக்கி என்று ஒரு தனியார் பள்ளியில் டி.சி. தரவில்லை. அந்தத் தாய் டி.சி. இல்லாமல் எங்கேயும் சேர்க்க முடியாது என்று நம்பி, பையனை மூன்று மாசம் வீட்டில் வைத்திருந்தாள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. மூன்று மாசம்! கேட்டதும் எனக்கு நெஞ்சே அடைத்துப் போயிற்று. மறுநாளே எங்கள் பள்ளியில் சேர்த்துவிட்டோம்.

"சோத்துப் பள்ளிக்கூடம்" என்று உன் வீட்டுக்காரர் சொன்னதற்கு நிறைய எழுதமாட்டேன். 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவு தொடங்கியபோது நம் ஜில்லாதான் அது. இப்போது காலையிலும் உப்புமா, கிச்சடி, பொங்கல் போடுகிறார்கள். முதல் பீரியடில் "வயிறு வலிக்கு டீச்சர்" என்று சுருண்டு படுக்கும் பிள்ளைகளை இப்போது நான் பார்ப்பதில்லை. அவரிடம் அதை மட்டும் சொல்.

ஆனித் தேருக்கு வருகிறாய் அல்லவா? ஒரு நாள் முன்னதாகவே வா, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறேன். வரும்போது பெரிய எழுத்தில் அச்சடித்த கதைப் புத்தகம் நாலைந்து வாங்கி வா. ஒரு பக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் இருக்க வேண்டாம்.

உன் பழைய பெஞ்சுக்காரி