அந்த மூன்று விநாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் அவசரமாகக் கேட்டாய், நானும் அவசரமாகவே பதில் சொல்லிவிட்டேன். மனசு கேட்கவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ எடுக்கும் டி.வி. நகைச்சுவைத் தொடருக்குப் பின்னணியில் சிரிப்பொலி சேர்க்கச் சொல்கிறார்கள் என்றாய். வேண்டாம் என்று முடிந்தவரை போராடிப் பார், தாயி. 1951-ல் அமெரிக்காவில் 'ஐ லவ் லூசி' தொடரை எடுத்தபோது ஜனங்களை எதிரே உட்காரவைத்து, மூன்று ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். முன்னால் இருப்பவர்கள் சிரித்தால் நடிகர்கள் அது அடங்கும்வரை நின்று, அப்புறம்தான் அடுத்த வசனத்துக்குப் போக முடியும். அதே பத்தாண்டில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பதிவு செய்த சிரிப்பை விசையைத் தட்டினால் வரும்படி ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டார். பெட்டிக்காக யாரும் காத்து நிற்க வேண்டியதில்லை. என் மனத்தாங்கல் அங்கேதான்.

சின்ன வயதில் மேலூர்ப் பக்கம் திருவிழாவில் என் தோளில் உட்கார்ந்து ஸ்பெஷல் நாடகம் பார்த்தாயே, நினைவிருக்கிறதா? பபூன் ஆர்மோனியக்காரரிடம் வம்பாக ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு, மிருதங்கக்காரரைத் திரும்பிப் பார்த்தபடி சும்மா நிற்பார். அந்த நிற்பில்தான் கூட்டம் வெடிக்கும். நான் தொழில் கற்றது அங்கே.

செல்லூர் காம்பவுண்டு வீட்டை வைத்து நான் எழுதிய தொடரில், வீட்டுக்காரம்மா மோட்டார் ரூம் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே, "தண்ணியா? காலையிலேயே தீந்துபோச்சு" என்பார். அவர் தலைக்கு மேலே டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். குடத்தோடு நிற்கும் நாலு பேரும் டேங்கைப் பார்ப்பார்கள், அம்மாவைப் பார்ப்பார்கள், மறுபடி டேங்கைப் பார்ப்பார்கள். மூன்று விநாடி. வேகம் வேண்டும் என்று அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் சிரிப்பொலியைப் போட்டார்கள். வசனம் அப்படியே இருந்தது, குடம் பிடித்த முகங்கள் போய்விட்டன. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், கேட்கிறவர்களின் முகத்தைத் தனியாகக் குளோசப் எடுத்து வைத்துக்கொள். அரை மணி நேரத்தில் விளம்பரம் போக 22 நிமிஷம் தேறினாலே பெரிது, சும்மா நிற்க நேரம் ஏது என்பார்கள். அப்போது ஒரு நல்ல ஜோக்கையே தூக்கிவிடு, நிற்பதற்கு இடம் கிடைக்கும். நடிப்பவர்களிடமும் சிரிக்கவைக்கச் சொல்லாதே. வீட்டுக்காரம்மாவாக நடித்தவரிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "கரண்ட் பில்லை நினைச்சு உங்களுக்கு நிஜமாவே பயம்." அவர் அந்தப் பயத்தை மட்டும் நடித்தார். யூனிட்டில் லைட் பிடித்த தம்பி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

சரி, முதல் எபிசோடைச் சிரிப்பொலி இல்லாமல் எனக்கு அனுப்பு. அம்மா சாயங்காலம் கீரை ஆயும்போது போட்டுக் காட்டுகிறேன். அவள் கை எந்தெந்த இடத்தில் நிற்கிறது என்று நிமிஷம் குறித்து எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா