யார் மீது புகாரோ அவரிடமே போகும் புகார்: விசாரணை கோரி மனு

அனுப்புநர்
வேதியியல் மூன்றாமாண்டு மாணவ மாணவியரின் பெற்றோர்,
அரசு கலை அறிவியல் கல்லூரி.

பெறுநர்
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வி மண்டல அலுவலகம்.

பொருள்: பாடம் நடத்தாதது பற்றிய புகாரை விசாரிக்காமல், புகாருக்கு உள்ளானவரிடமே ஒப்படைத்தது தொடர்பாக.

பார்வை: கல்லூரி முதல்வர், பல்கலைக்கழகப் பதிவாளர், தங்கள் அலுவலகம் ஆகியோருக்கு முன்னர் அனுப்பிய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரயில்வே கேட்டைத் தாண்டி ஏரிக்கரையோரம் இருக்கும் கல்லூரியைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆய்வுக்கு வந்தபோது வேதியியல் ஆய்வகத்தையும் பார்த்தீர்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் இந்தப் பிள்ளைகளில் பலர், வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள்.

1. இயற்பிய வேதியியல் தாளை நடத்த இந்தப் பருவத்தில் ஆளில்லை. கௌரவ விரிவுரையாளர் விலகிய இடம் காலியாகவே கிடக்கிறது.

2. ஆய்வக வகுப்பும் நடக்கவில்லை. ஆனால் ரெக்கார்டு நோட்டு நிரம்பியிருக்கிறது. முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். பியூரெட் என்ற அளவுக் குழாயைக் கையால் தொடாத பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே அளவு, 20.4 மி.லி. துறைத் தலைவரின் கையெழுத்துக்குக் கீழே உள்ள தேதி மாட்டுப் பொங்கல்.

3. இதையெல்லாம் எழுதி, கையெழுத்திட்டு, பிள்ளைகள் முதல்வரிடம் கொடுத்தார்கள். அவர் மனுவின் ஓரத்தில் ‘துறைத் தலைவர், தக்க நடவடிக்கைக்கு’ என்று எழுதி அனுப்பிவிட்டார். மறுநாள் துறைத் தலைவர் அந்தத் தாளோடு வகுப்புக்கு வந்தார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, அவரவரை எழுந்து நிற்கச் சொன்னார். ஒவ்வொரு தாளிலும் 25 மதிப்பெண் அகமதிப்பீடு, அது அவர் கையில் இருக்கிறது. ஒரு பெண் பிள்ளை ‘படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். பதிவாளருக்கு எழுதினோம். ‘முதல்வருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. முதல்வரிடமிருந்து அது மீண்டும் அதே மேசைக்குப் போனது. இதற்குப் பெயர் விசாரணையா ஐயா? இனி எதிலும் கையெழுத்திட மாட்டோம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பெற்றோர் நாங்கள் எழுதுகிறோம்.

4. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். மாணவர் பிரதிநிதி ஒருவர் அதில் சிறப்பு அழைப்பாளர். புகார் கிடைத்து 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தருவதும், அதன் நகலை மாணவருக்குக் கொடுப்பதும் முறை. முடிவு திருப்தி தராவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். எங்கள் கல்லூரிக் கையேட்டிலும் குழு அச்சிடப்பட்டிருக்கிறது. அதன் உறுப்பினர்களில் ஒருவர் அதே துறைத் தலைவர்! அந்தக் குழு கூடியதாக ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. குழு முடிவே சொல்லாதபோது எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது?

5. தங்கள் அலுவலகத்திலிருந்து ஒப்புகை அட்டை மட்டும் முத்திரையோடு வந்து சேர்ந்தது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை, ஐயா. துறைத் தலைவரை விலக்கிவைத்துக் குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளைத் தனித்தனியே விசாரிக்கச் சொல்லுங்கள். அகமதிப்பெண்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் வேறொரு பேராசிரியர் சரிபார்க்கட்டும். பருவத் தேர்வு நெருங்கிவிட்டது. நடத்தாத தாளை இருக்கும் நாட்களிலாவது யாராவது நடத்தட்டும்.

விசாரணைக்கு உத்தரவிடுமாறு மீண்டும் பணிந்து வேண்டுகிறோம். இந்த மனுவையும் ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று கல்லூரிக்குத் தள்ளிவிடாதீர்கள். அனுப்பியே தீர வேண்டுமென்றால், எங்கள் பெயர்ப் பட்டியல் உள்ள கடைசிப் பக்கத்தையாவது எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள்

இணைப்பு: ரெக்கார்டு நோட்டுப் பக்கங்களின் நகல், ஒப்புகை அட்டை நகல், பெயர்ப் பட்டியல்.