ரத்தம் வருகிறதென்று தேய்க்காமல் விடாதே

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் பேச்சுவாக்கில், "பல் தேய்க்கிறப்போ ரத்தம் வருதுப்பா, அந்தப் பக்கம் தேய்க்கிறதையே விட்டுட்டேன்" என்றாய். உடனே வேறு கதைக்குத் தாவிவிட்டாய். எனக்கு அதிலேயே மனம் நிற்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ரத்தம் வருகிற இடத்தைத்தான், அம்மாடி, விடாமல் தேய்க்க வேண்டும். ஈறு ஓரத்தில் வழவழவென்று ஒரு படலம் படியுமே, அது முழுக்கக் கிருமிகள். எடுக்காமல் விட்டால் ஈறு சிவந்து வீங்கும், பிரஷ் பட்டாலே கசியும். ரத்தத்துக்குப் பயந்து நீ ஒதுங்க ஒதுங்கப் படலம் தடித்துக் கசிவும் கூடும். எச்சிலில் இருக்கும் கால்சியம் சேர்ந்து சில நாட்களிலேயே அது காரையாக இறுக ஆரம்பித்துவிடும். அப்புறம் எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது, பல் டாக்டர்தான் கருவி வைத்து எடுக்க வேண்டும்.

இப்போதே கவனித்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். விட்டால் வீக்கம் உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பையே கரைக்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இதில் பெரும்பாலும் வலியே இருக்காது என்பதுதான் பொல்லாதது. பல் ஆடத் தொடங்கிய பிறகே பலருக்குத் தெரியவருகிறது.

"க்ளீன் பண்ணினா பல் ஆடும்" என்று யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே. காரையை எடுத்ததும் பல் இடுக்கு காலியாகத் தெரியும், சில நாள் கூசும். காரை அடைத்திருந்த இடம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

மென்மையான பிரஷ்ஷாக வாங்கு. ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, மெதுவாக, 2 நிமிடம். கரிப் பாத்திரம் துலக்குவதுபோல அழுத்தாதே. பல்லின் மேல் உறையான எனாமலில் உயிருள்ள செல் இல்லை, தேய்ந்தால் தேய்ந்ததுதான். இடுக்குகளுக்கு ஃப்ளாஸ் நூல். பேஸ்ட்டில், பல் சொத்தையாகாமல் காக்கும் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று அட்டையைப் பார். அதன் அளவு 1000 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்குக்கு, குறையக் கூடாது. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதே. கேட்க ஒரு மாதிரிதான் இருக்கும். கொப்பளித்தால் ஃப்ளோரைடும் கூடவே போய்விடுகிறதே!

ராத்திரி தேய்ப்பதை மட்டும் எவ்வளவு அசதியானாலும் விடாதே. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும், பல்லுக்குக் காவல் இல்லாத நேரம் அது. வேலை பார்த்துக்கொண்டே இனிப்புக் காப்பியை மணிக்கணக்கில் உறிஞ்சுகிறாயே, அதையும் மாற்று. ஒவ்வொரு வாய்க்கும் கிருமிகள் புதிதாகப் பல்லை அரிக்கும் அமிலம் சுரக்கும். அதை எச்சில் தணிக்க அரை மணி நேரமாவது வேண்டும், நீ அந்த இடைவெளியே கொடுப்பதில்லை. குடிப்பதை ஒரே மூச்சில் குடித்துவிடு.

டாக்டரிடம் போகும்போது, எனக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல். அவர் உனக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினால் சலித்துக்கொள்ளாமல் எடு. சர்க்கரை இருந்தால் ஈறு நோய் சீக்கிரம் முற்றும். உன் பயம் ஊசி மேல்தான் என்று எனக்குத் தெரியும். ஈறுக்கு மேலே உள்ள காரையை எடுக்கப் பெரும்பாலும் ஊசி போடுவதில்லை. கூச்சம் தாங்கவில்லை என்றால் கையைத் தூக்கு, நிறுத்துவார்கள்.

என்றைக்கு அப்பாயின்ட்மென்ட் என்று இந்த வாரத்துக்குள் சொல். இல்லாவிட்டால் அம்மாவை விட்டு தினமும் போன் பண்ணச் சொல்வேன்.

அன்புடன்,
அப்பா